சிற்றுண்டிச்சாலை வரிசையில் பதினேழு வினாடிகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் என் மகள் நான்காம் ஆண்டு படிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஓய்வு நேரம் இருபது நிமிடம். சென்ற ஆண்டில் பல நாள்கள், காலையில் நான் கொடுத்த காசை அவள் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். பசி இல்லையா என்று கேட்டால், "என் முறை வர்றதுக்குள்ள மணி அடிச்சிடுதுப்பா" என்பாள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, தங்கள் பிள்ளைகளும் அதையே சொல்வதாக ஐந்தாறு பெற்றோர் எழுந்தார்கள். சிற்றுண்டிச்சாலையை நடத்தும் அக்காவைக் குறை சொல்லும் பேச்சும் அங்கே எழுந்தது. அது நியாயமாகப் படவில்லை. பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். உற்பத்தி வரிசையில் ஒரு மின்சுற்றுப் பலகை எங்கே காத்துக்கிடக்கிறது, ஏன் காத்துக்கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே என் அன்றாட வேலை. பிள்ளைகளின் வரிசையையும் முதலில் அப்படி அளந்து பார்க்கலாம் என்று தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டேன். அவர் தந்தார். இரவு வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வரும் காலைகளில் பள்ளிக்குப் போய் வந்தேன்.

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்பு, மூன்று காலைகள் சுவரோரமாக நின்று, இரண்டாம் படிநிலைப் பிள்ளைகள் அறுபது பேரைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சால் அளந்தேன். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் மொத்தம் 154 பேர்; அவர்களில் ஏறத்தாழ 110 பேர் கடையில் வாங்குகிறார்கள், மற்றவர்கள் வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். இரண்டு சாளரங்கள் இருந்தன. ஒன்றில் அக்கா, மற்றொன்றில் அவருடைய உதவியாளர். இருவரும் உணவையும் எடுத்துக் கொடுத்து, காசையும் வாங்கினார்கள். ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 17 வினாடி ஆனது. அதில் என்ன வேண்டும் என்று தீர்மானிக்க 4 வினாடி, உணவை எடுத்துக் கொடுக்க 5 வினாடி, காசு கைமாற 8 வினாடி.

வரிசைகளைப் பற்றிய கணிதம் டென்மார்க்கின் எர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. அந்தக் கணிதத்தில் பெரும்பகுதி, ஆள்கள் அவ்வப்போது தற்செயலாக வந்து சேர்வதாக எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் அப்படி இல்லை. மணி அடித்தவுடன் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். ஆகவே வெறும் பெருக்கலே போதும். ஒரு சாளரத்துக்கு 55 பேர், ஆளுக்கு 17 வினாடி என்றால் 935 வினாடி, அதாவது பதினைந்தரை நிமிடம். வகுப்பிலிருந்து இறங்கி வந்து கைகழுவ இரண்டு நிமிடம். கடைசிப் பிள்ளையின் கைக்குத் தட்டு வரும்போது மணி அடிக்க இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. என் மகள் பொய் சொல்லவில்லை. அக்காவும் மெத்தனமாக வேலை செய்யவில்லை. அந்த அமைப்பில் யார் நின்றாலும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

காசுக்கு மட்டும் ஏன் 8 வினாடி என்பதைக் கூர்ந்து பார்த்தேன். சரியான காசைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஐந்து வினாடிதான் ஆகிறது. மூன்றில் ஒருவர் பெரிய தாளை நீட்டுகிறார். அவருக்குப் பதினான்கு வினாடி. திங்கள்கிழமை இது இன்னும் கூடும், ஏனென்றால் வாரம் முழுமைக்குமான செலவாகப் பெற்றோர் சிவப்புப் பத்து வெள்ளித் தாளை (பத்து ரிங்கிட்) அன்றைக்குத்தான் கொடுத்தனுப்புகிறார்கள். 1 வெள்ளி 50 காசு விலையுள்ள நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பத்து வெள்ளியை நீட்டினால், எட்டரை வெள்ளியை எண்ணித் தர வேண்டும். ஐம்பது காசு நாணயம் தீர்ந்துவிட்டால் இருபது காசும் பத்து காசுமாகப் பொறுக்க வேண்டும். பிள்ளையும் அதை எண்ணிப் பார்த்து, பணப்பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே போட வேண்டும். இதையெல்லாம் கரண்டி பிடித்த அதே கை செய்கிறது என்பது எனக்கு வேகத்தைவிடப் பெரிய கவலையாகத் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் பலர் பல வழிகளைச் சொன்னார்கள். கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் கட்டும் டியூட்நவ் கியூஆரைச் சாளரத்தில் ஒட்டிவிடலாம் என்றார் ஒருவர். பிள்ளைகள் கைப்பேசி கொண்டுவருவதில்லை என்பதால் அது அங்கேயே முடிந்தது. பிள்ளைகளின் அடையாள அட்டையான மைகிட்டைப் பயன்படுத்தலாம் என்றார் இன்னொருவர். அடையாள ஆவணத்தைத் தினமும் பையில் போட்டு அனுப்பி, அது தொலைந்தால் பதிவிலாகாவுக்கு அலைவது எந்தப் பெற்றோருக்கும் வேண்டாத வேலை. விரல்ரேகை என்ற யோசனைக்கு நல்ல ஆதரவு இருந்தது, ஏனென்றால் விரலைப் பிள்ளை தொலைக்காது. அதை நான் வெளிப்படையாகவே எதிர்த்தேன். கைகழுவிவிட்டு ஈர விரலோடு வரும் பிள்ளைகளிடம் மலிவான விரல்ரேகைக் கருவிகள் அடிக்கடித் தடுமாறும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அட்டை தொலைந்தால் வேறு அட்டை தரலாம், ரேகை வெளியே கசிந்தால் வேறு விரல் தர முடியாது என்பதே. இங்கிலாந்திலும் வேல்சிலும் பிள்ளைகளின் உடலடையாளத்தைப் பள்ளிகள் பயன்படுத்தப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று 2012ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் வடக்கு அயர்ஷயரில் 2021 அக்டோபரில் ஒன்பது பள்ளிகளின் உணவு வரிசையை விரைவுபடுத்த முக அடையாளக் கேமராவை வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்து, தரவுப் பாதுகாப்பு ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும் சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். ஒரு தட்டு மீகூன் அரிசிச் சேமியாவுக்காக ஒரு பிள்ளையின் முகத்தைக் கணினியில் ஏற்றத் தேவையில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். அட்டை என்று முடிவானது.

பாகங்கள் எளியவை. என்டேக்213 என்ற சில்லு பதித்த பிளாஸ்டிக் அட்டைகள் 300, அவற்றைத் தொட்டவுடன் படிக்கும் ஆர்சி522 ரீடர் ஒன்று, அதை இயக்க ஈஎஸ்பி32 என்ற சிறு மின்சுற்றுப் பலகை, கணக்கை வைத்துக்கொள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, அக்காவின் பக்கம் பார்க்கும் ஏழு அங்குலத் திரை ஒன்று. அட்டைக்குள் பணம் எதுவும் எழுதப்படுவதில்லை. அட்டையில் இருப்பது சில்லின் தனி எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரான கணக்கு ராஸ்பெரி பையில், எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் இருக்கிறது. பெற்றோர் அக்காவிடம் முன்பணம் கட்டுகிறார்கள். முன்பு அவரே விற்ற கூப்பன் கட்டின் இடத்தை இந்தக் கணக்கு பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளையின் கணக்கில் இருபது வெள்ளிக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு வைத்தோம்.

சில்லின் தனி எண்ணை மட்டும் நம்புவது வலுவான பாதுகாப்பு ஆகாது. அந்த எண்ணைப் போலி அட்டையில் எழுதக்கூடிய கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. அதற்கு ஈடாக, அட்டையைத் தொட்டவுடன் அக்காவின் திரையில் பிள்ளையின் பெயரும் சிறு படமும் தெரியும்படி செய்தேன். ஒரு பள்ளித் தவணையில் ஏழு அட்டைகள் தொலைந்தன. அவற்றில் ஒன்றை வேறொரு பிள்ளை எடுத்து நீட்டியபோது, அக்கா படத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

முதல் நாளே இடறியது ரீடர். வீட்டு மேசையில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் தூரத்திலேயே அட்டையைப் படித்த ரீடர், சிற்றுண்டிச்சாலையில் அட்டையை அதன்மீது அழுத்தி வைத்தாலும் படிக்கவில்லை. மென்பொருளில் தவறு என்று நினைத்து அரைநாளை வீணாக்கினேன். உண்மையான காரணம் மேசை. அங்கே முகப்பு முழுவதும் எவர்சில்வர் தகடு. ரீடரின் செம்புச் சுருள் 13.56 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாறும் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அட்டையில் உள்ள சில்லுக்கு மின்கலம் கிடையாது, அந்தப் புலத்திலிருந்தே அது தன் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அடியில் உலோகத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அந்தப் புலத்தை எதிர்த்துத் தின்றுவிடுகிறது. சுருளின் ஒத்ததிர்வு அலைவரிசையும் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடுகிறது. ரீடரை மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள மரக்கட்டையின் மேல் ஏற்றி, அடியில், காந்தப்புலம் உலோகத்துக்குப் போகாமல் தடுக்கும் ஒரு ஃபெரைட் தாளை ஒட்டியவுடன் படிக்கத் தொடங்கியது. பிற்பாடு ஆர்சி522ஐ எடுத்துவிட்டுப் பிஎன்532 என்ற வேறொரு ரீடர்ப் பலகையை வைத்தேன். அதன் பெரிய சுருள் என் பெட்டிக்குள் இன்னும் சற்றுத் தொலைவிலிருந்து படித்தது. இந்த வேலையை வேறு பள்ளியில் செய்ய நினைப்பவர்கள், எதையும் வாங்கும் முன்பு மேசை எதனால் ஆனது என்று தட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது தவறும் என்னுடையதே. ரீடரைக் கம்பியில்லாமல் இணைத்தால் அழகாக இருக்கும் என்று பள்ளியின் வைஃபையில் சேர்த்திருந்தேன். ஓய்வு நேரத்தில்தான் ஆசிரியர்களும் தங்கள் கருவிகளைத் திறக்கிறார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இருபது நிமிடத்தில் மட்டும் ஒரு தொடுகைக்குப் பதில் வர ஐந்தாறு வினாடி ஆனது. மறுநாள் இரண்டு மீட்டர் யூஎஸ்பி கம்பியால் ரீடரை ராஸ்பெரி பையோடு நேராக இணைத்தேன். அன்றிலிருந்து இந்த அமைப்பு எந்த இணையத்தையும் சார்ந்திருக்கவில்லை. பெற்றோருக்கு இருப்புத் தகவல் அனுப்பும் வேலை மட்டும், பள்ளி முடிந்தபின் என் மடிக்கணினியிலிருந்து நடக்கிறது.

இவ்வளவு செய்தும் முதல் வாரத்தின் அளவீடு என்னைச் சோர்வடையச் செய்தது. 8 வினாடி 6 வினாடியாக இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அட்டையைத் தொட ஒரு வினாடிகூட ஆகவில்லை. விலையை அடிக்கத்தான் மற்ற நேரமெல்லாம் போனது. எண் பலகையில் ஒன்று, ஐந்து, சுழி, உறுதி என்று நான்கு விசைகளை அக்கா அழுத்த வேண்டியிருந்தது. அவர் என்னிடம் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கரண்டி பிடிச்ச கையால நான் பட்டன அமுக்கணும், திரும்ப அதே கையால கரண்டி பிடிக்கணும். இதுக்குக் காசே தேவலை." என் ஸ்டாப்வாட்ச் காட்டாத ஒன்றை அந்த ஒரு பேச்சு காட்டிவிட்டது. காசு வாங்கும் வேலையை விரைவுபடுத்தினால் மட்டும் போதாது. உணவு கொடுப்பவரின் கையிலிருந்தே அதை எடுத்துவிட வேண்டும்.

எண் பலகையைக் கழற்றினேன். அதற்குப் பதிலாக, விளையாட்டு இயந்திரங்களில் இருக்கும் பெரிய வட்டப் பொத்தான்கள் நான்கைப் பெட்டியில் பொருத்தினேன்: 50 காசு, 1 வெள்ளி, 1 வெள்ளி 50 காசு, 2 வெள்ளி. எங்கள் கடையில் எல்லா விலையும் ஐம்பது காசின் மடங்கில் அமைவதால் இது சாத்தியமானது. நாசி லெமாக்கும் ஐஸ் மிலோவும் வாங்கினால் இரண்டு பொத்தான்கள், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ரீடர் விழிக்கும். ஓர் அட்டையைப் படித்தவுடன் மறுபடி உறங்கிவிடும். முன்பு, அட்டையை எடுக்காமல் வைத்திருந்த பிள்ளைகளுக்கு இருமுறை கழிந்த சிக்கலும் இதோடு தீர்ந்தது. கட்டணம் 3 வினாடிக்கு வந்தது.

அடுத்து, கட்டணத்தைச் சாளரங்களிலிருந்து பிரித்து, முகப்பின் கடைசியில் ஒரே இடத்தில் வைத்தோம். அக்கா அங்கே அமர்ந்தார். அதுவரை பின்னால் குவளை கழுவிக்கொண்டிருந்த இன்னோர் உதவியாளர் ஓய்வு நேரத்துக்கு மட்டும் சாளரத்துக்கு வந்தார். குவளைகள் மணி அடித்த பிறகு காத்திருக்கலாம், பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இதனால் காசைத் தொடும் கை உணவைத் தொடுவதில்லை. நேரத்திலும் பெரிய மாற்றம் வந்தது. இப்போது இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் நடப்பதால், அவற்றில் மெதுவானது எதுவோ அதுதான் வரிசையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. சாளரத்தில் தீர்மானிக்க 4, எடுத்துக் கொடுக்க 5, ஆக 9 வினாடி; 55 பேருக்கு எட்டே கால் நிமிடம். கட்டணப் பெட்டியோ 110 பேரை ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடும். ஆக, நான் இரண்டு மாதமாக மெருகேற்றிய கருவி இப்போது சும்மா காத்துக்கொண்டிருந்தது. வரிசை மீகூன் சட்டியின் முன்னால் நின்றது.

இதற்கு எந்த மின்னணுவும் உதவவில்லை. வரிசை தொடங்கும் தூணில், அன்றைய உணவுகளின் படங்களை விலையோடு ஒட்டினோம். பிள்ளைகள் நின்றுகொண்டே தீர்மானித்துவிட்டுச் சாளரத்துக்கு வந்தார்கள். நாசி லெமாக் முன்பே பொட்டலமாக இருந்தது. மீகூனையும் மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே முப்பது தட்டுகளில் எடுத்து வைத்து மூடினோம். 9 வினாடி 5 வினாடியாயிற்று. கணக்குப்படி சாளரங்கள் நான்கரை நிமிடத்தில் முடித்துவிடும் என்பதால், இப்போது மறுபடி கட்டணப் பெட்டிதான் மெதுவான இடம். காகிதத்தில் ஐந்தரை நிமிடம் என்றால், நடைமுறையில் ஏழு நிமிடம் ஆகிறது. அட்டையை வகுப்பில் மறந்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், இன்னும் காசு கொடுப்பவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். தாத்தா பாட்டியோடு வளரும் சில பிள்ளைகளுக்குக் காசுதான் எளிது. அவர்களுக்காக அக்காவின் பக்கத்தில் ஒரு கல்லாப்பெட்டி இன்றும் இருக்கிறது. அதை எடுக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.

கட்டணத்தைக் கடைசிக்குக் கொண்டுபோனதால் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. பிள்ளைகளின் ஒரு கையில் தட்டு, மறு கையில் குவளை; அட்டையோ கழுத்தில் தொங்குகிறது. முதல் நாள் ஒரு பையன் குனிந்து, மார்பில் தொங்கிய அட்டையையே ரீடரில் தொட முயன்றபோது குழம்பு முழுதும் சட்டையில் கொட்டியது. அன்று மாலையே, ரீடருக்கு முன்னால் முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் தட்டு வைக்கும் பலகை ஒன்றை அடித்தேன். ரீடர்ப் பெட்டியைச் சற்றுச் சாய்த்து, நான்காம் ஆண்டுப் பிள்ளையின் முழங்கை உயரத்துக்கு இறக்கினேன். கழுத்துப் பட்டையையும் மாற்றினோம். இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி உள்ளதைத்தான் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். விளையாடும் இடத்தில் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்காவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

நான் மிகவும் வருந்திய தவறு மூன்றாம் வாரத்தில் வெளிப்பட்டது. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனின் அம்மா, மகன் விடுப்பில் இருந்த நாளில் இரண்டு வெள்ளி கழிந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். பதிவைப் பார்த்தால் அந்த நேரத்தில் வாங்கியது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. திரையில் படம் மாறித் தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் அக்கா கவனிக்கவில்லை. காரணத்தைத் தேடிய இரவில் கண்டுபிடித்தேன். என்டேக்213 அட்டையின் தனி எண் ஏழு பைட்டுகள் நீளமானது. மாதிரி நிரலைப் பார்த்து நான் எழுதிய வரி, முதல் நான்கு பைட்டுகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தது. பழைய வகை அட்டைகளுக்கு அது போதும். இந்தச் சில்லுகள் எல்லாவற்றிலும் முதல் பைட்டு 04, அது தயாரிப்பாளரின் குறியீடு. மீதி மூன்று பைட்டுகளும் ஒத்துப்போன இணைகள் எங்கள் 300 அட்டைகளில் இரண்டு இருந்தன. ஏழு பைட்டுகளையும் எடுக்கும்படி திருத்தி, எல்லா அட்டைகளையும் மறுபடி பதிவு செய்தேன். இரண்டு வீட்டுக்கும் நானே தொலைபேசியில் பேசி, கழிந்த பணத்தைத் திருப்பிச் சேர்த்தேன். தரவுத்தளத்தில் அந்த எண்ணுக்கு இரட்டிப்பு வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால், பதியும்போதே இது பிடிபட்டிருக்கும். பிள்ளைகளின் காசைக் கையாளும் நிரலில் அதை விட்டது பொறுப்பின்மை.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாங்கில் இடிமழைக்குக் குறைவில்லை. ஒரு பிற்பகல் மின்னலில் பள்ளியின் மின்தடுப்புக் கருவி விழுந்து மின்சாரம் துண்டானபோது ராஸ்பெரி பையின் எஸ்டி அட்டை கெட்டுப்போனது. அன்றைய கணக்கு தப்பியது, காலையில் விற்பனை முடிந்ததும் பென்டிரைவில் நகல் எடுத்திருந்தேன். அதன் பிறகு கணக்கைச் சிறிய எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றி, ஒரு யூபிஎஸ் வைத்தேன். பெட்டியின் இணைப்புகளைச் சிலிகானால் அடைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சூடான பலகை இருந்தால் எறும்பு குடியேறிவிடும்; முதல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு வரிசையே போய்க்கொண்டிருந்தது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது, இருப்பு தீர்ந்த பிள்ளையை என்ன செய்வது என்ற கேள்வி. தொடக்கத்தில் பிள்ளையின் பக்கமும் ஒரு சிறு திரை வைத்து, மீதியைக் காட்டினேன். இரண்டாம் நாளே, பின்னால் நின்ற பையன் அதைச் சத்தமாகப் படித்தான்: "இவன்கிட்ட எண்பது காசுதான் இருக்கு." அந்தத் திரையை மாலையே கழற்றினேன். இப்போது பிள்ளையின் பக்கம் ஒரு பச்சை விளக்கு மட்டும் இருக்கிறது. சிவப்பு விளக்கு கிடையாது. இருப்பு தீர்ந்தாலும் பச்சையே எரியும்; கணக்கு ஆறு வெள்ளி வரை கடனில் போகலாம். மாலையில் பெற்றோருக்கு ஒரு செய்தி போகும். ஆறு வெள்ளியையும் கடந்தால் வகுப்பாசிரியருக்குத் தெரியும், அவர் வீட்டாரிடம் பேசுவார். அதற்கும் பிறகுகூடத் தட்டைத் திருப்பி வாங்குவது கிடையாது. அந்தத் தொகைக்குச் சங்கம் பொறுப்பேற்கிறது. அமெரிக்காவில் மதிய உணவுக் கடன் வைத்த பிள்ளைகளின் தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டிய பள்ளிகள் இருந்தன. நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் அப்படிப்பட்ட அவமதிப்பைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. இயந்திரம் "இல்லை" என்று சொல்லும் வசதியை நாமே எழுதி வைத்துவிட்டால், பிறகு அதை யாரோ ஒருவர் பயன்படுத்தத்தான் செய்வார். ஆகவே அந்த வரியை நான் எழுதவில்லை.

துணை உணவுத் திட்டத்தில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கும் அதே அட்டை, அதே நிறம், அதே பட்டை. முன்பு எங்கள் பள்ளியில் அவர்கள் தனி மேசையில் பெயர் வாசிக்கப்பட்டுக் கையொப்பமிட்டு உணவு வாங்கினார்கள். யார் அந்த மேசைக்குப் போகிறார்கள் என்பது பள்ளி முழுவதற்கும் தெரியும். இப்போது அவர்கள் அதே வரிசையில் வந்து அட்டையைத் தொடுகிறார்கள். கணக்கில் சுழி விழுகிறது, ஆசிரியருக்குத் தேவையான வருகைப் பட்டியல் தானாக உருவாகிறது. தலைமையாசிரியை இந்தத் திட்டத்தை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான். வேகம் குறைந்தாலும் இதைக் கைவிடக் கூடாது என்று அவர் சொன்னார். எனக்கும் அதுவே எண்ணம்.

அக்காவின் திரையில் இன்னும் இரண்டு குறிப்புகள் தெரியும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் மூவருக்கு மஞ்சள் பட்டை வரும். நாசி லெமாக்கில் வறுத்த கடலை இருக்கிறது என்பதால் அக்கா பொட்டலத்தை உடனே மாற்றிக் கொடுப்பார். மற்றொன்று பெற்றோரே கேட்டது. வெள்ளிக்கிழமை சைவமாக இருக்கும் வீட்டுப் பிள்ளை மறந்துபோய்க் கோழி வாங்கினால், அக்கா நினைவூட்ட வேண்டும் என்றார்கள். இவற்றைத் தவிர வேறு எதையும் சேமிக்க வேண்டாம் என்று உறுதியாக நின்றேன். யார் என்ன வாங்கினார் என்ற விவரம் தவணை முடிவில் அழிக்கப்படுகிறது, தொகைகள் மட்டும் இருக்கின்றன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கை உண்டு. அதை நாங்களாகவே எங்களுக்கு விதித்துக்கொண்டோம்.

சென்ற மாதம் மறுபடி மூன்று காலைகள் அதே சுவரோரம் நின்று அளந்தேன். இரண்டாம் படிநிலையில் கடைசிப் பிள்ளை, மணி அடித்த ஒன்பதாம் நிமிடத்தில் தட்டோடு உட்கார்கிறது. சாப்பிடப் பதினொரு நிமிடம் இருக்கிறது.

முதலாம் படிநிலை இன்னும் சரியாகவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, படத்தைப் பார்த்துத் தீர்மானித்துவிட்டு வந்தாலும், சாளரத்தில் நண்பனின் தட்டைக் கண்டதும் மனம் மாறிவிடுகிறது. தீர்மானிக்க மட்டும் ஏழெட்டு வினாடி ஆகிறது. அட்டையைத் தொடுவதில் அவர்கள் பெரியவர்களைவிடச் சுறுசுறுப்பு, அதனால் ரீடரில் எதையும் மாற்றிப் பயனில்லை. முதலாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் இந்த வாரம் வேறொன்றை முயல்கிறோம். காலையில் பாடம் தொடங்கும் முன்பு, வகுப்புத் தலைவன் உணவுப் படங்கள் உள்ள தாளைக் கொண்டுபோகிறான். பிள்ளைகள் தங்கள் பெயருக்கு நேரே ஒட்டுப்படம் ஒட்டுகிறார்கள். அந்தத் தாள் எட்டரை மணிக்குள் அக்காவின் கைக்குப் போய்விடுகிறது. நேற்று 27 பேரில் 22 பேர் ஒட்டியதையே வாங்கினார்கள். மீதி ஐந்து பேருக்காக அக்கா ஐந்து தட்டு கூடுதலாக எடுத்து வைக்கிறார்.